சி33 குடுவையில் யார்?

எங்கள் ஆய்வகத்தில் செல்களுக்குத் தீனி போடுகிறவள் நான். பெயர் வாண்டா ஒலீனிக். வினிபெக்கில் பத்தொன்பது வருடமாக இதே வேலை. பால்மாடு வைத்திருப்பவர்களுக்கும் எனக்கும் ஒரே விதி. கிறிஸ்துமஸ் என்றாலும் பனிப்புயல் என்றாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து, பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றியாக வேண்டும். “என்னைக்காவது என்னை இப்படி வேளாவேளைக்குக் கவனிச்சிருக்கியா?” என்று என் கணவர் டென்னிஸ் கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இந்த வேலையில் எனக்குத் திமிர் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையால் ஒரு குடுவை கெட்டதில்லை. காளான் பூத்ததில்லை, பாக்டீரியா புகுந்ததில்லை. மற்றவர்கள் கெடுப்பார்கள். கெடுத்தவர் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லோருக்கும் டோனட் வாங்கி வர வேண்டும். எழுந்து நின்று, என்ன தப்புச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சட்டம் போட்டவள் நான். அதிகம் தின்றவளும் நானே.

இன்னொரு சட்டமும் உண்டு. ஹூட் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடிக் கூண்டுக்குள், சுத்தமான காற்று ஓடும் இடத்தில், ஒரு நேரத்தில் ஒரு வகைச் செல்தான் இருக்கலாம். ஒரு வகைக்கு ஒரு பாட்டில் திரவம். ஒன்றை முடித்து வெளியே எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, அரை மணி நேரம் காத்திருந்துதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இந்தச் சட்டத்தை மீறியவர்களை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ரெனே டெஜர்லே எங்களிடம் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு பேசுகிற செயின்ட் போனிஃபஸில் பிறந்து வளர்ந்தவள், வயது முப்பத்திரண்டு. பிரெஞ்சில் திட்டுவாள், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பாள். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வந்தாள். அதிலும் மைக்ரோ ஆர்என்ஏ.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு செல்லுக்குள் நாள் முழுக்கச் சீட்டுகள் பறந்துகொண்டே இருக்கும். ‘இந்தப் புரதத்தைச் செய்’, ‘இன்னும் செய்’, ‘இரண்டாகப் பிரி’ என்று. மைக்ரோ ஆர்என்ஏ என்பது ஏறக்குறைய இருபத்திரண்டு எழுத்து உள்ள ஒரு துணுக்கு. தன் எழுத்துக்குப் பொருந்துகிற சீட்டில் போய் அது ஒட்டிக்கொண்டால், அந்தச் சீட்டு செல்லாது. அவ்வளவுதான் அதன் உத்தியோகம். புற்றுநோயில் இந்தத் துணுக்குகள் தாறுமாறாகிவிடும். சில எக்கச்சக்கமாகப் பெருகியிருக்கும். இருக்க வேண்டிய சில காணாமல் போயிருக்கும். தடுக்க ஆள் இல்லை என்றால் ‘பிரி, பிரி’ என்ற சீட்டுக்குக் கொண்டாட்டம். கட்டி வளரும்.

அப்படிக் காணாமல் போன ஒன்றைத்தான் ரெனே பிடித்திருந்தாள். அதற்கு முறையான எண் ஒன்று உண்டு. எங்களுக்கு அது ‘பொடிசு’. “பொடிசு இன்னைக்கு என்ன பண்ணுது?” என்றுதான் காலையில் விசாரிப்போம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே பாப்பிலோமா வைரஸால் வருவது. செல்லுக்குள் ஒரு காவல்காரப் புரதம் உண்டு. அதை ஒழித்துக்கட்டிவிட்டுத்தான் வைரஸ் கூத்தடிக்கும். எங்களிடம் இரண்டு வகைச் செல்கள் இருந்தன. ஒன்று ஹீலா, வைரஸ் உள்ளது. 1951இல் பால்டிமோரில் ஒரு கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து, இன்றுவரை உலகமெங்கும் வளர்ந்துகொண்டிருக்கும் செல். மற்றது சி33, வைரஸ் இல்லாத அபூர்வ ரகம்.

பொடிசைத் திரும்ப உள்ளே விட்டதும் ஹீலா மந்தமாகிவிட்டது. அது எதிர்பார்த்ததுதான். சி33யும் மந்தமாகிவிட்டது! அதில்தான் விசேஷம். வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொடிசு கட்டியை அடக்கும் என்றால் அது பெரிய செய்தி. பெரிய பத்திரிகையில் போடுவார்கள். பக்கத்து மாகாணத்துச் சஸ்கட்டூனில் ஹில்டா வீப் என்ற பேராசிரியர் ரெனேவைத் தன் ஆய்வகத்துக்கு அழைத்திருந்தார். நிரந்தர வேலை. கட்டுரை மே மாதத்துக்குள் ஏற்கப்பட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இங்கே அவளுடைய ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. அதற்கு மேல் அவளுக்கு வேறு வழியில்லை.

ஒரே ஓர் உறுத்தல் இருந்தது. சி33யில் அந்தக் காவல்காரப் புரதம் பழுதாகிப்போய்க் குவியல் குவியலாகக் கிடக்க வேண்டும். எங்கள் சோதனையில் அது தேடினாலும் தென்படவில்லை; பொடிசை விட்ட பிறகுதான் மெல்லத் தலைகாட்டியது. விவரம் தெரியாத ஆள் யாராவது இருந்திருந்தால் ‘குடுவையில் இருப்பது சி33தானா?’ என்று கேட்டிருப்பார். நாங்கள் எல்லோரும் படித்தவர்கள். அதனால் மூன்று பத்தி விளக்கம் எழுதினோம். ஆய்வகத் தலைவர் கோர்டன், அம்புக்குறிகளோடு ஒரு வண்ணப்படமும் வரைந்தார். ரொம்ப அழகான படம்.

ஏப்ரல் தொடக்கத்தில் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. தெருவெல்லாம் பனி உருகிச் சகதியாகக் கிடந்த நேரம். கட்டுரையைப் பரிசீலித்த மூவரில் இருவர் பாராட்டியிருந்தார்கள். மூன்றாமவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: செல்களின் டிஎன்ஏ அடையாளச் சான்றிதழை இணைக்கவும்.

“இவ்வளவுதானா?” என்று ரெனே நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். “வாண்டா, ரெண்டு சாம்பிள் அனுப்பிடுங்க. சஸ்கட்டூன்ல வீடு பாக்க ஆரம்பிக்கப்போறேன்.”

“அங்க குளிரு இங்கயவிட மோசம்டி.”

“வினிபெக்காரி சொல்ற பேச்சா இது?”

அனுப்பினேன். ஒன்பதாம் நாள், நான் குடுவைகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது ரெனே வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“வாண்டா, சாம்பிளை மாத்தி அனுப்பிட்டீங்களா? ரெண்டு குழாயிலயும் ஹீலாவை ஊத்திட்டீங்களா?”

“யாரைப் பாத்து என்ன கேக்குற நீ?”

“அப்ப இதைப் பாருங்க.”

பார்த்தேன். இரண்டு பட்டியல். இரண்டும் ஒன்று. சி33 என்று நான் சீட்டு ஒட்டிய குழாயில் இருந்தது நூற்றுக்கு நூறு ஹீலா. ஹீலாவின் குணம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஒரு சொட்டு வேறு குடுவையில் விழுந்தால் போதும். நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும். சில வாரத்தில் வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டுத் தானே குடியிருக்கும். நாலு வருடமாக நாங்கள் ஹீலாவை ஹீலாவோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறோம்.

கோர்டன் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “எப்ப நடந்துச்சு இது? யாரு?”

“நான்தான்,” என்றாள் ரெனே. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை, அவளாகவே சொன்னாள். “சேர்ந்த புதுசுல ரெண்டையும் நான்தான் கையாண்டேன். அப்ப நான் ஒரு அவசரக்குடுக்கை. வாண்டா எத்தனை தடவை திட்டியிருக்காங்க. என் தப்புதான், கோர்டன்.”

கோர்டன் நல்ல மனிதர், கத்தவில்லை. ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்ணப்படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் ரெனேவின் தோளைத் தட்டி, “எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்று ஆறுதல் சொன்னேன். எனக்கு நடக்காது என்ற எண்ணமும் அதில் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இனி என்ன செய்ய முடியும்? கலப்படம் ஆகாத பழைய சி33 எங்காவது உறைந்து கிடந்தால், எடுத்து வளர்த்து மறுபடி சோதனை செய்யலாம். வியாழக்கிழமை மதியம் நைட்ரஜன் தொட்டியைத் திறந்தேன். புகைக்குள் கைவிட்டுத் தேடியதில், செல் வங்கியிலிருந்து வந்த அசல் குப்பிகள் இரண்டு அடியில் கிடந்தன. அப்பாடா என்றிருந்தது. எப்போது வந்தவை என்று பார்க்கப் பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.

நடுவில் ஒரு பக்கத்தில் என் கையெழுத்து. முத்து முத்தாக இருக்கும் என் எழுத்து. ரெனே சேர்வதற்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரி பதிமூன்று. ‘ஹீலா, பத்துக் குப்பி உறைய வைத்தது, மதியம் 1:10. சி33, இருபது குப்பி, 1:15.’

இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம்.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. பனிப்புயல். ஒன்றரை மணியோடு பஸ் நிற்கும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ‘கிளம்பிட்டியா?’ என்று டென்னிஸ் வீட்டிலிருந்து நாலு முறை போன் செய்தார். நான் இரண்டு குடுவையையும் ஒன்றாக ஹூட்டுக்குள் வைத்து, ஒரே பாட்டில் திரவத்தில் இரண்டையும் முடித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஒரே ஒரு தடவை. அந்த இருபது குப்பியிலிருந்துதான் ரெனே நாலு வருடமும் எடுத்து வளர்த்தாள். அவள் கைபடும் முன்பே உள்ளே இருந்தது ஹீலா.

ஒருவேளை நான் வீணாகப் பயப்படுகிறேனோ? அந்த இருபதில் யாரும் தொடாத குப்பி ஒன்று மிச்சம் இருந்தது. அதை உருக்கி, வைரஸ் இருக்கிறதா என்று சோதித்தேன்; இருந்தால், புற ஊதா விளக்கின் கீழ் ஒரு கோடு ஒளிரும். சி33யில் வைரஸ் கிடையாது. எனவே கோடு எதுவும் தெரியக் கூடாது. நாலு மணிக்கு விளக்கைப் போட்டேன். கோடு பளிச்சென்று தெரிந்தது. அறையில் நான் மட்டும்தான். விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்படியே இருந்தது.

வீட்டுக்குப் போனேன். டென்னிஸ் பெரோகியை, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையை, வெங்காயத்தோடு வதக்கி வைத்திருந்தார். எனக்கு இறங்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“நீ சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?” என்றார்.

“யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தைப் பாத்தாலும் அஞ்சு நிமிஷம்னா என்னன்னு என்னைத் தவிர ஒருத்தருக்கும் உறைக்காது. அந்தப் பொண்ணு வேற தானே முன்வந்து பழியை ஏத்துக்கிட்டா.”

“அப்ப ஏன் சாப்பிடாம உக்காந்திருக்க?”

எனக்குக் கோபம் வந்தது. “எல்லாம் உங்களாலதான்! நாலு தடவை போன் பண்ணலைன்னா நான் அவசரப்பட்டிருப்பேனா?”

“அப்ப நாளைக்கு நான் வந்து சொல்லவா?” என்று கேட்டபடி என் தட்டிலிருந்து ஒரு பெரோகியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்த மனிதரோடு சண்டையும் போட முடியாது.

வெள்ளிக்கிழமை காலை கூட்ட அறைக்குள் நுழைந்தால், மேசையில் மூன்று பெட்டி டோனட். ரெனே வாங்கி வந்திருக்கிறாள். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் தலைமுடியை ஒழுங்காக வாரியிருந்தாள். எனக்குப் பிடித்த ஆப்பிள் டோனட்டை என் நாற்காலிக்கு நேராகத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

கோர்டன் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், ரெனே டெஜர்லேயின் கவனக்குறைவால்… ரெனே எழுந்து நின்றாள். “சட்டப்படி நான் சொல்லணும்…”

“உக்காரு,” என்றேன்.

“விடுங்க வாண்டா, நான் சொல்லிடறேன்.”

“உக்காருன்னா உக்காரு! நீ வாங்கிட்டு வந்ததே தப்பு.” நான் எழுந்தேன். பதிவேட்டை மேசையில் விரித்து வைத்தேன். “கெடுத்தது நான். நீ இங்க வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே கெடுத்துட்டேன். ஒரே பாட்டில், ஒரே ஹூட், அஞ்சு நிமிஷ இடைவெளி. பஸ் நின்னுடும்னு அவசரம். தொடாத குப்பியை நேத்து உருக்கிப் பாத்தேன். அதுலயும் வைரஸ் இருக்கு. கோர்டன், அந்த லெட்டர்ல என் பேரைப் போடுங்க.”

கோர்டன் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வாண்டா… நீங்களா?” என்றார். அவர் திட்டியிருக்கலாம். அந்த ஆச்சரியம்தான் அதிகம் சுட்டது.

ரெனே பதிவேட்டில் விரலை வைத்து, 1:10, 1:15 என்று வாய்க்குள் படித்தாள். “ரெண்டு நாளா நான் தூங்கல, வாண்டா,” என்றாள். “நாலு வருஷம். நாலு வருஷமும் நீங்க எனக்குச் சுத்தம் சொல்லிக்கொடுத்தீங்க.” ஆப்பிள் டோனட்டை எடுத்துப் பெட்டிக்குள் திரும்பப் போட்டு, மூன்று பெட்டியையும் அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். எதிர் ஆய்வகத்துக்காரர்கள் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டதாகக் கேள்வி.

அன்று மதியமே அசல் குப்பி ஒன்றை உருக்கினேன். வளர்ந்ததில் ஒரு சொட்டை முதலில் அடையாளச் சோதனைக்கு அனுப்பினேன். சி33, சந்தேகமே இல்லை. அந்தக் குடுவைக்கு ஒரு தனி ஹூட்டை ஒதுக்கி, தனி பாட்டில் வைத்து, அரை மணிக்குப் பதில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். ரெனே என்னோடு பேசவில்லை. எத்தனை தட்டில் செல் வேண்டும், என்றைக்கு என்று மஞ்சள் சீட்டில் எழுதி என் மேசையில் ஒட்டுவாள். ‘ஆறு தட்டு. புதன்.’ நான் அடியில் ‘சரி’ என்று எழுதி அவள் மேசையில் ஒட்டுவேன். ஒரு நாள் ‘ஆறு தட்டு. புதன். மேலே முடி விழாமல்’ என்று இருந்தது. பத்தொன்பது வருடத்தில் என் முடி ஒன்றுகூட விழுந்ததில்லை. ஆனாலும் சரி என்றுதான் எழுதினேன். வேறென்ன செய்ய?

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. பொடிசை உள்ளே விட்டும் உண்மையான சி33 அசையவில்லை. அதுபாட்டுக்கு ஜம்மென்று வளர்ந்துகொண்டிருந்தது. காவல்காரப் புரதம் புத்தகத்தில் சொன்னபடியே குவிந்து கிடந்தது. ஆக, பொடிசு தனியாக ஒன்றும் கிழிக்கவில்லை; வைரஸ் அனுப்புகிற சீட்டில்தான் அது ஒட்டுகிறது. வைரஸ் இல்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. மூன்று பத்தி விளக்கம் ஒரே நொடியில் குப்பைக்குப் போனது. வண்ணப்படத்தைக் கோர்டன் தன் அறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டார், பாவம்.

ரெனே நுண்ணோக்கியை விட்டு நகரவே இல்லை. கால் மணி நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், “இப்பதான் புரியுது,” என்றாள். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிறகு சஸ்கட்டூனுக்குப் போன் போட்டாள். கையில் உறை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். நான் ஹூட்டில் இருந்தேன். நடுவில் எழுந்து போக முடியாது. என் காதில் விழட்டும் என்றே போட்டாளோ என்னவோ.

“கட்டுரையைத் திரும்ப வாங்கிட்டோம்,” என்றாள். “வேற மாதிரி எழுதணும். மே மாசத்துக்குள்ள முடியாது. பெரிய பத்திரிகைக்கும் போகாது. நீங்க வேற ஆளைப் பாக்கிறதா இருந்தா, எனக்குப் புரியும்.”

ஹில்டா வீப்பின் குரல் கரகரவென்று வந்தது. “என்ன ஆச்சு?”

ரெனே எல்லாவற்றையும் சொன்னாள். சி33, ஹீலா, பிப்ரவரி பதிமூன்று. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“யாரு கண்டுபிடிச்சா?”

“செல் பாத்துக்கிறவங்க. அவங்க தப்புதான். அவங்களே சோதிச்சுப் பாத்து, கூட்டத்துல எழுந்து சொன்னாங்க.”

“அவங்களேவா? யாரும் கேக்காமயா?”

“கேக்காமதான். பழியை நான் ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம்.”

நான் திரவம் உறிஞ்சும் பிப்பெட்டைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வேலை போனால் என்னால் போனது. அதைச் சுமந்துகொண்டு இந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் இன்னும் பத்து வருடம் நான் உட்கார வேண்டும்.

“பதினோரு வருஷமா லாப் நடத்துறேன்,” என்றார் ஹில்டா வீப். “உறைபெட்டிக் கதவைத் திறந்துபோட்டது யாருன்னு கேட்டாக்கூட ஒருத்தர் வாயைத் திறக்கிறதில்ல. செப்டம்பருக்குள்ள எழுதி முடிச்சுடு. அதுவரைக்கும் உன் இடம் உனக்குத்தான். அதிருக்கட்டும், அந்த அம்மா இங்க வேலைக்கு வருவாங்களான்னு கேட்டுச் சொல்றியா?”

ரெனே திரும்பினாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“அவங்க வர்றதா இருந்தா நான் வரல,” என்றாள்.

ஒலிபெருக்கி சிரித்தது. ரெனே போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்குக் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் ஹூட்டுக்குள் இருந்ததால் துடைக்க வழியில்லை. அவள் தன் சட்டைக் கையால் என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

“தலையைப் பின்னாடி இழுங்க, வாண்டா,” என்றாள். “உள்ள விழுந்துடப்போகுது. இப்ப உயிரோட வளர்றது இந்த ஒரு சி33தான்.”